ஜாங் ஐலிங்: பேனாவும் சம்பாத்தியமும்

கேள்வி: "லஸ்ட், காஷன்" படம் பார்த்தேன். மூலக்கதை ஐலீன் சாங் என்ற சீன எழுத்தாளருடையது என்று போட்டிருந்தது. யார் இவர்? சினிமாவுக்கும் நேரடியாக எழுதியிருக்கிறாராமே, அது வெறும் பிழைப்புக்காகவா? கடைசியில் யாரையும் பார்க்காமல் தனியாக இறந்தார் என்கிறார்களே, ஏன்?

பதில்: மூன்றாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தால் இவரைக் கோட்டை விட்டுவிடுவோம். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்து மறைந்த மர்மப் பெண்மணி என்ற சித்திரம்தான் எங்கு பார்த்தாலும் கிடைக்கிறது. அவரைப் படிக்கப் படிக்க எனக்குத் தெரிந்தது வேறொருவர். எழுதிய எழுத்துக்குக் காசு வாங்கி, அந்தக் காசிலேயே வாழ்ந்து, அதைச் சொல்லத் துளியும் கூச்சப்படாத ஒரு தொழில்காரர். சீன மொழியில் அவர் ஜாங் ஐலிங். இனி அப்படியே எழுதுகிறேன்.

பள்ளிக்கூட நாட்களில் ஒரு கேலிச்சித்திரம் வரைந்து ஷாங்காயின் ஆங்கில மாலைப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். ஐந்து யுவான் வந்தது. நேராகக் கடைக்குப் போய்ச் சின்ன அளவில் ஒரு உதட்டுச்சாயம் வாங்கிவிட்டார். முதல் சம்பளமாயிற்றே, அந்த நோட்டை ஞாபகமாக வைத்திருக்கக் கூடாதா என்று அம்மா கடிந்துகொண்டார். தனக்கு அந்த மாதிரி உணர்ச்சியெல்லாம் இல்லை, பணம் என்றால் பணம், வேண்டியதை வாங்கலாம், அவ்வளவுதான் என்று பின்னால் ஒரு கட்டுரையில் இவரே எழுதுகிறார். இவருடைய மொத்த வாழ்க்கைக்கும் இந்த உதட்டுச்சாயத்தை ஒரு சாவியாக வைத்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் பிறந்தது சாதாரணக் குடும்பத்தில் இல்லை. 1920 செப்டம்பர் 30, ஷாங்காய். அப்பாவைப் பெற்ற பாட்டி, சிங் பேரரசின் கடைசிக் காலத்தில் நாட்டையே நடத்திய அமைச்சர் லி ஹோங்ஜாங்கின் மகள். தாத்தா ஜாங் பெய்லுன், 1884-இல் ஃபூஜோவில் பிரெஞ்சுக் கடற்படையிடம் தோற்றுப் பதவியும் பேரும் போனவர். அடுத்த தலைமுறைக்கு மிஞ்சியது சொத்தும் பழம்பெருமையும் மட்டுமே. அப்பா அந்தச் சொத்தை அபினிப் புகையாகவே ஊதித் தள்ளினார், வைப்பாட்டி வேறு. அம்மா அதற்கு நேர் எதிர். பழைய வழக்கப்படி கட்டி ஒடுக்கப்பட்ட பாதங்களோடு 1924-இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியவர். அந்தப் பாதங்களோடு ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்குப் போனவர். மகளுக்கும் மகனுக்கும் நாலைந்து வருடம் அம்மா என்பவர் கடிதத்திலும் பார்சலிலும்தான். 1930-இல் விவாகரத்து. 1934-இல் அப்பா மறுமணம்.

மாற்றாந்தாயோடு ஒரு தகராறு. அப்பா அடித்துப் போட்டு, மகளை வீட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் பூட்டி வைத்தார். அங்கே சீதபேதி வந்து சாகக் கிடந்தார். நடமாட முடிந்ததும், 1938 ஆரம்பத்தில் ஒரு குளிர்கால இரவு, காவல்காரர்கள் மாறும் நேரம் பார்த்து வெளியே நழுவினார். வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, ரிக்‌ஷாக்காரரிடம் நின்று கூலி பேரம் பேசியிருக்கிறார். பேரம் பேச இன்னும் மறக்கவில்லை என்பதில் தனக்கு உண்மையாகவே சந்தோஷம் என்று எழுதுகிறார். ஓடிப்போகும் காட்சியை எழுதும் எவரும் திகிலைத்தான் எழுதுவார்கள். இவருக்குக் கூலி பேசியது நினைவிருக்கிறது. இந்தக் கண்தான் பிற்காலத்தில் நகைச்சுவைத் திரைக்கதைகளை எழுதியது.

லண்டன் பல்கலைக்கழகத்துக்குத் தேர்வாகியும் போர் வந்ததால் போக முடியவில்லை. 1939-இல் ஹாங்காங் பல்கலைக்கழகம் போனார். அங்கே கிடைத்த தோழி பாத்திமா மொகிதீன். அப்பா இலங்கை முஸ்லிம், ஷாங்காயில் நகைக்கடை வைத்திருந்தவர். அம்மா சீனப் பெண். குட்டையாய், குண்டாய், வாய் ஓயாமல் பேசுகிற இந்தப் பாத்திமாவின் சொற்களை மட்டுமே தொகுத்து ஜாங் ஐலிங் ஒரு கட்டுரையே போட்டிருக்கிறார். நீங்கள் பார்த்த படத்தில் வைர மோதிரம் வாங்குகிற காட்சி ஞாபகம் இருக்கும். மூலக்கதையில் அந்தக் கடையை நடத்துபவர் ஓர் இந்தியர். வெளியே சின்னதாய் ஒரு முகப்பு, மாடியில் ஒடுங்கிய அலுவலகம், தெருவைப் பார்த்த கண்ணாடி. கதாநாயகி ஒரு நிமிடம் மனம் மாறி, தான் கொல்ல அழைத்து வந்த மனிதனைத் தப்ப விடுவது அங்கேதான். அந்த இடத்தை அவ்வளவு கிட்டத்தில் எழுத, பாத்திமா வீட்டுக் கடையைப் பார்த்த பழக்கம் உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

1941 டிசம்பரில் ஜப்பான் ஹாங்காங்கைத் தாக்கியது. பல்கலைக்கழகம் மூடப்பட, 1942-இல் ஷாங்காய் திரும்பினார். ஊர் ஜப்பானியர் கையில். பெயர்பெற்ற எழுத்தாளர்களில் பலர் சோங்சிங், குன்மிங் என்று உள்நாட்டுக்குப் போய்விட்டார்கள். இருந்தவர்களிலும் பலர் வாய் திறக்கவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண் அந்த வெற்றிடத்துக்குள் நுழைந்தார். முதலில் ஆங்கிலப் பத்திரிகைகளில் சினிமா விமர்சனம். 1943-இல் சீன மொழியில் கதைகள். இரண்டே வருடத்தில் "வீழ்ந்த நகரத்தில் காதல்", "தங்க விலங்கு" (கைதிக்குப் பூட்டும் விலங்கு), "சிவப்பு ரோஜா, வெள்ளை ரோஜா" எல்லாம் வந்துவிட்டன. 1944 ஆகஸ்டில் வந்த முதல் தொகுப்பு நான்கே நாளில் விற்றுத் தீர்ந்தது. இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், புகழ் பெறுவதென்றால் சீக்கிரம் பெற வேண்டும், தாமதமாக வந்தால் அதில் ருசி இல்லை என்று வெளிப்படையாகவே எழுதினார்.

அவசரப்பட வேண்டாம், ஜப்பானியர் ஆதரவு பெற்ற பத்திரிகைகளில் பெயர் வருவது பிற்பாடு ஆபத்து, கையெழுத்துப் பிரதிகளைக் கொடுத்து வையுங்கள், பணம் முன்கூட்டியே தருகிறோம், போர் முடிந்ததும் போடலாம் என்று மூத்தவர்கள் சிலர் யோசனை சொன்னதாகப் பத்திரிகை ஆசிரியர் கே லிங் பிற்காலத்தில் எழுதினார். சூட்டோடு சூடாகப் போட்டுவிட வேண்டும் என்பது இவருடைய பதில். அதற்கான விலையைப் பின்னால் கொடுத்தார். ஆனால் போர் முடியும்வரை காத்திருந்தால் அந்தக் கதைகள் வெளிவந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். 1945-க்குப் பிறகு சீனாவில் அப்படிப்பட்ட கதைகளுக்கு இடம் குறைந்துகொண்டே போனது.

கதைகளில் ஒன்றைப் படிக்க நேரம் இருந்தால் "தங்க விலங்கு" படியுங்கள். எள்ளெண்ணெய்க் கடைக்காரர் வீட்டுப் பெண் சிசியாவ், பணக்காரக் குடும்பத்தின் எலும்புருக்கி நோயாளி மகனுக்குக் கட்டி வைக்கப்படுகிறாள். சொத்து கைக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். வந்த பிறகு அதே சொத்தால் மகனையும் மகளையும் சிதைக்கிறாள். கடைசியில் கிழவியாகப் படுத்துக்கொண்டு, கையிலுள்ள பச்சைமணி வளையலை மெல்ல மேலே தள்ளுகிறாள். எலும்பும் தோலுமான கையில் அது தடையே இல்லாமல் அக்குள்வரை ஏறிவிடுகிறது. கல்யாணத்துக்கு முன் அந்தக் கை எப்படித் திரட்சியாக இருந்தது என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. வசனமே இல்லாமல் ஒரு வாழ்நாளைக் காட்டும் இந்த இடத்தில் கேமரா தயாராக நிற்கிறது. விமர்சகர் சி. டி. சியா 1961-இல் எழுதிய நவீன சீனப் புனைகதை வரலாற்றில் சீன இலக்கியத்தின் ஆகச் சிறந்த குறுநாவல் இதுதான் என்றார். நவீன சீன இலக்கியத்தின் முன்னோடியான லூ சூனுக்குக் கொடுத்ததைவிட அதிகப் பக்கங்களை ஜாங் ஐலிங்குக்குக் கொடுத்தார். அதில்தான் இவருடைய பெயர் பல்கலைக்கழகங்களுக்குள் ஏறியது.

ஹூ லான்செங்கைப் பற்றிச் சொல்லாமல் சினிமாவுக்கு வர முடியாது. ஜப்பானியர் தயவில் நான்ஜிங்கில் நடந்த வாங் ஜிங்வெய் அரசில் பிரசாரத் துறையில் இருந்தவர், நன்றாக எழுதுபவர், ஏற்கெனவே மணமானவர். ஜாங் ஐலிங்கின் கதை ஒன்றைப் பத்திரிகையில் படித்துவிட்டுத் தேடி வந்தார். 1944-இல் திருமணம். அவருக்கு 38, இவருக்கு 23. சடங்கு ஏதுமில்லை, ஒரு தாளில் உறுதிமொழி. சாட்சி பாத்திமா. போர் முடிந்ததும் அவர் தலைமறைவு. அதற்கு முன்பே வுஹானில் ஒரு நர்ஸ், பிறகு வென்ஜோவில் இன்னொரு பெண். இவர் வென்ஜோவரை தேடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். 1947-இல் முறிவுக் கடிதம் போனது. கூடவே 3,00,000 யுவான். பணவீக்கம் தலைவிரித்தாடிய காலம் என்பதால் தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஆனால் அது எங்கிருந்து வந்த பணம் என்பதைக் கவனியுங்கள். இரண்டு திரைக்கதைகளுக்கு வாங்கிய சம்பளம் அது.

போருக்குப் பின் "துரோகியின் மனைவி" என்ற முத்திரை விழுந்துவிட்டது. பத்திரிகைகள் ஒதுக்கின. அப்போதுதான் வென்ஹுவா என்ற புதிய படக் கம்பெனியும் அதன் இயக்குநர் சாங் ஹூவும் எழுதக் கூப்பிட்டார்கள். முதல் படம் "முடியாத காதல்", 1947. நாயகி சென் யென்யென் சில காலம் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார். முகம் மாறவில்லை, உடம்பு போட்டிருந்தது. அதனால் படம் முழுக்க முடிந்தமட்டும் அகலமான கறுப்பு மேலங்கியிலேயே வருகிறார். ஏழை ஆசிரியை, அறையில் கணப்பு கிடையாது, வீட்டுக்குள்ளும் மேலங்கி போட்டிருப்பதில் நியாயம் இருக்கிறது என்று ஜாங் ஐலிங் பின்னாளில் கண்சிமிட்டியபடி எழுதினார். சினிமாவில் எழுத்தாளர் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம். நடிகையின் சுற்றளவுக்கும் கதைக்குள் காரணம் கண்டுபிடிக்க வேண்டும்.

அதே வருடம் டிசம்பரில் "மனைவி வாழ்க". என்னைக் கேட்டால் இவருடைய திரைக்கதைகளில் இதுதான் முதலிடம். ஆரம்பத்திலேயே வீட்டில் ஒரு கிண்ணம் உடைகிறது. மாமியாரின் பிறந்தநாள், அபசகுனம். மருமகள் சட்டென்று சில்லுகளை சோபா மெத்தைக்கு அடியில் மறைக்கிறாள். படம் முழுக்க அவள் செய்வது இதைத்தான். புருஷனின் தொழிலுக்குப் பணம் வேண்டும் என்று தன் கருமி அப்பாவிடம், மாமியார் கையில் தங்கம் இருப்பதாகப் பொய் சொல்கிறாள். காசு கைக்கு வந்ததும் புருஷன் இன்னொருத்தியிடம் போகிறான். அவனை அந்தச் சிக்கலிலிருந்தும் இவளே மீட்கிறாள். மீட்ட பிறகு, நிதானமாக, எனக்கு விவாகரத்து வேண்டும் என்கிறாள். கடைசியில் காபிக் கடையில் பக்கத்து மேசையில் அந்த இன்னொருத்தி வேறொரு ஆளிடம் அதே சோகக் கதையை அதே வார்த்தைகளில் ஒப்பிப்பதைக் கேட்டுத் தம்பதி சிரித்துச் சேர்ந்துவிடுகிறார்கள். அந்தச் சமரசம் எனக்கு முழுத் திருப்தி தந்ததில்லை. ஆனால் அது மகிழ்ச்சியான முடிவு என்று அவர் ஏமாற்றவும் இல்லை. படம் வருவதற்குச் சற்று முன் நாளிதழ் ஒன்றில் அவர் எழுதிய குறிப்பில், இந்த மாதிரி மனைவியர் ஷாங்காயின் ஒவ்வொரு சந்திலும் பல பேர் இருக்கிறார்கள் என்ற தொனி இருக்கும். உள்நாட்டுப் போர் நடக்கும்போது நடுத்தர வர்க்க வீட்டுச் சண்டை தேவையா என்று இடதுசாரி விமர்சகர்கள் பாய்ந்தார்கள். அரங்குகள் என்னவோ நிரம்பின.

கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த பிறகு புனைபெயரில் "பதினெட்டு வசந்தங்கள்" தொடர்கதை எழுதினார். 1950-இல் ஷாங்காய் எழுத்தாளர் மாநாட்டுக்குப் போனபோது எல்லோரும் நீல, சாம்பல் சட்டையில் இருக்க, இவர் மட்டும் சீப்பாவ் என்ற உடலோடு ஒட்டிய சீன உடை அணிந்து மேலே வெள்ளைப் பின்னல் சட்டை போட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்று கே லிங் நினைவுகூர்கிறார். 1952-இல் படிப்பைத் தொடரப் போகிறேன் என்று சொல்லி ஹாங்காங் போனார். பிறந்த மண்ணுக்கு அதன்பின் திரும்பவில்லை.

ஹாங்காங்கில் அமெரிக்கத் தகவல் நிறுவனத்துக்கு மொழிபெயர்ப்பு வேலை. ஹெமிங்வேயின் "கடலும் கிழவனும்" அப்படி வந்ததுதான். நிலச் சீர்திருத்தகாலக் கிராமத்துப் பட்டினியைச் சொல்லும் "நெல்நாற்றுப் பாட்டு" நாவலையும் அப்போதே எழுதினார், சீனத்திலும் ஆங்கிலத்திலும். ஸ்டீபன் சூங், அவர் மனைவி மே சூங் என்ற தம்பதியின் நட்பு கிடைத்ததும் அங்கேதான். கடைசிவரை நிலைத்தது அந்த நட்பு ஒன்றுதான் என்று சொல்லலாம். 1955-இல் அமெரிக்கா. அடுத்த வருடம் நியூ ஹாம்ப்ஷயரில் கலைஞர்களுக்கான மெக்டவல் குடியிருப்பில் ஃபெர்டினாண்ட் ரெய்ஹரைச் சந்தித்தார். 65 வயது, ஒருகாலத்தில் ஹாலிவுட்டில் திரைக்கதை எழுதியவர், ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் நண்பர், கையில் காசு நிற்காதவர். 1956 ஆகஸ்டில் திருமணம். ஆங்கிலத்தில் எழுதிய நாவல்களை அமெரிக்கப் பதிப்பகங்கள் தொடர்ந்து திருப்பியனுப்பின. வீட்டு வாடகை எங்கிருந்து வந்தது என்றால், மறுபடியும் சினிமா.

சிங்கப்பூரில் கேத்தே என்ற பெயர் பலருக்குத் தெரியும். அதன் முதலாளி லோக் வான் தோ, ஹாங்காங்கில் நடத்திய படக் கம்பெனியின் கதை இலாகாவில் ஸ்டீபன் சூங் இருந்தார். (இந்த லோக், பறவைகளைப் படம் பிடிப்பதில் பைத்தியமானவர். சாலிம் அலியோடு சேர்ந்து நம் ஊர்ப் பக்கம் பறவை தேடி அலைந்தவர். விஷயத்துக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) சூங் வாய்ப்பு வாங்கித் தர, ஜாங் ஐலிங் அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதித் தபாலில் அனுப்புவார். "காதல் போர்க்களம்" (1957) அன்றைய நட்சத்திர நடிகை லின் தாய் நடித்து வசூலில் சக்கைப்போடு போட்டது. அடித்தளம் ஓர் அமெரிக்க மேடை நாடகம், ஆனால் ஆண்களை ஆட்டிப்படைக்கிற அந்தப் பணக்காரப் பெண்ணின் துடுக்கு அச்சு அசல் ஷாங்காய். "ஜூன் மணப்பெண்" (1960), வடக்கத்தியரும் கான்டன்காரரும் எதிரெதிரே உணவகம் வைத்துச் சண்டை போட, பிள்ளைகள் காதலிக்கும் "தெற்கும் வடக்கும் ஒரே குடும்பம்" (1962), "பிள்ளைகள்" (1963) என்று வரிசையாக வந்தன. பெரும்பாலும் நகைச்சுவை. இவருடைய கதைகளைப் பிறர் படமாக்கும்போது எல்லாம் சோகமாகவே வருகிறது. அவரே சினிமாவுக்கு எழுதும்போது கிண்டலும் கலகலப்புமாய் இருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், பிழைப்புக்காகத்தான். ஆனால் "வெறும்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அவர் நாவலையும் பிழைப்புக்காகத்தான் எழுதினார்.

அந்தப் பிழைப்பு எவ்வளவு கொடியதாக முடியும் என்பதற்கு 1961-62 சாட்சி. தைவான் போனார். அங்கே இருக்கும்போதே கணவருக்குப் பக்கவாதம் என்று செய்தி. திரும்பிப் போகவும், போனால் செலவு செய்யவும் கையில் பணம் இல்லை. ஹாங்காங் போய் "சிவப்பு மாளிகைக் கனவு" என்ற பதினெட்டாம் நூற்றாண்டுச் சீனச் செவ்வியல் நாவலுக்கு இரண்டு பாகத் திரைக்கதை எழுத உட்கார்ந்தார். பன்னிரண்டு பதின்மூன்று வயதிலிருந்து பித்துப் பிடித்துப் படித்த நாவல் அது. ஒரு சிறு அறை, காலையிலிருந்து இரவுவரை எழுத்து, கண்ணில் ரத்தம் கசிந்தது, கால் வீங்கிவிட்டது. போட்டிருக்கும் செருப்பு இறுக்குகிறது, பெரிய அளவு ஜோடி வாங்க வருடக் கடைசித் தள்ளுபடி விற்பனை வரட்டும் என்று காத்திருப்பதாகக் கணவருக்கு எழுதினார். எழுதி முடித்ததைத் திருத்தச் சொன்னார்கள். இதற்கிடையில் போட்டிக் கம்பெனியான ஷா சகோதரர்கள் அதே கதையைப் படமாக்க முந்திக்கொண்டார்கள். ஸ்கிரிப்ட் அப்படியே கிடப்பில் போனது. சூங் தம்பதியோடுகூட அப்போது மனக்கசப்பு. 1962 மார்ச்சில் அமெரிக்கா திரும்பினார். 1964 ஜூன் 20 அன்று தைவானில் விமான விபத்தில் லோக் வான் தோ இறந்தார். கம்பெனி ஆட்டம் கண்டது. இவருடைய சினிமா எழுத்தும் அத்தோடு நின்றது. ரெய்ஹர் 1967-இல் காலமானார்.

அதன்பின் கைகொடுத்தது தைவானின் கிரவுன் பதிப்பகம். பழைய கதைகளை மறுபதிப்புப் போட்டு ஒழுங்காக உரிமைத்தொகை அனுப்பினார்கள். "பதினெட்டு வசந்தங்க"ளைத் திருத்தி, அரசியல் வாலை வெட்டிப் புது நாவலாக்கினார். பெர்க்லியில் ஆய்வுப் பணி இரண்டு வருடத்தில் முடிந்தது. 1972-இல் லாஸ் ஏஞ்சலஸ். நீங்கள் பார்த்த படத்தின் கதை 1978-இல்தான் அச்சேறியது. ஐம்பதுகளில் தொடங்கித் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே இருந்தார். முப்பது பக்கத்துக்கும் குறைவான கதை.

எண்பதுகளில் பூச்சிகள் தன்னை மொய்ப்பதாக ஓர் அச்சம். அறைக்கு அறை, மோட்டலுக்கு மோட்டல் மாறிக்கொண்டே இருந்தார். அதில் பொருட்கள் பல தொலைந்தன. அதை ஒரு நோயாகவே பார்க்க வேண்டும், இலக்கியக் குறியீடாக்க வேண்டியதில்லை. ஆட்களைத் தவிர்த்தது வேறு விஷயம், அது சின்ன வயதிலிருந்தே இருந்த குணம். ஆனால் கடிதம் எழுதினார். சூங் தம்பதியோடு நாற்பது வருடக் கடிதப் போக்குவரத்து, புத்தகமாகவே வந்திருக்கிறது. யாருமே இல்லாதவர் அவ்வளவு கடிதம் எழுத மாட்டார். 1995 செப்டம்பர் 8 அன்று லாஸ் ஏஞ்சலஸ் வெஸ்ட்வுட் பகுதி வாடகை வீட்டில் இறந்துகிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். சாம்பலை அதே மாதம் 30-ஆம் தேதி, அவருடைய 75-ஆவது பிறந்தநாளில், பசிபிக் கடலில் தூவினார்கள். சொத்து, கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் உயிலின்படி சூங் தம்பதிக்கு. அவர்கள் மகன்தான் 2009-இல் "சிறிய மறுசந்திப்பு" என்ற சுயசரிதைச் சாயல் நாவலை வெளியிட்டார்.

எங்கிருந்து தொடங்குவது என்று அடுத்து கேட்பீர்கள். ஆங்கிலத்தில் படிக்க முடியுமானால் "வீழ்ந்த நகரத்தில் காதல்" தொகுப்பு. படமாகப் பார்க்க, ஹாங்காங் இயக்குநர் ஆன் ஹூய் இவருடைய கதைகளை 1984, 1997, 2020 என்று மூன்று முறை எடுத்திருக்கிறார், 1997-இல் வந்தது பரவாயில்லை. ஆங் லீயின் 2007 படம் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது, அதை நீங்கள் பார்த்தாயிற்று. சப்டைட்டிலோடு "மனைவி வாழ்க" எங்காவது அகப்பட்டால் மற்றதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு அதைப் பாருங்கள்.